புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும்

குட்டையின் வடகரையில் வேலாயி என்கிற முள்ளம்பன்றி கிழங்குக் கடை வைத்திருந்தாள். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு புங்கமரம், அதன் நிழலில் ஒரு பாறை, பாறைமேல் கழுவி வைத்த சிறுவள்ளிக் கிழங்கு. அவ்வளவுதான். ஒரு கிழங்குக்கு இரண்டு நெல்லிக்காய் விலை. இல்லாதவர்கள் இலந்தைப்பழம் கொடுப்பார்கள். அதுவும் இல்லாதவர்கள் நாளைக்குத் தருகிறேன் என்பார்கள். வேலாயி சரி என்பாள்.

கடைக்குப் பின்னால் வள்ளிக்கொடி படர்ந்த மேடு. ஒவ்வொரு கொடிக்கு அடியிலும் ஒரு தாய்க்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். அதைச் சுற்றித்தான் மற்ற கிழங்குகள் விழும். சுற்றி இருப்பதைத் தோண்டி எடுக்கலாம். தாயைத் தொடக்கூடாது. தொட்டால் அடுத்த மழைக்கு அந்தக் கொடி கிடையாது. வேலாயிக்கு இருந்த சொத்து அந்தத் தாய்க்கிழங்குகள்தான்.

வாடிக்கை என்று சொல்ல நாலைந்து முயல், ஒரு மான் குடும்பம், அப்புறம் இருளப்பன் என்கிற கரடி. இருளப்பன் பொழுது சாய்கிற நேரத்துக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. அதனால் அவருக்கென்று இளசான கிழங்காகப் பார்த்து, தோல் சுரண்டி, தனியாக ஒரு இலையில் மூடி வைத்திருப்பாள் வேலாயி. அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காட்டுக்கு ஒருநாள் டவர் வந்தது. டவர் வந்ததும் எல்லார் கையிலும் போன் வந்தது. போன் வந்ததும் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் போனது. கடையைத் தாண்டிப் போகிறவர்கள் கடையைப் பார்க்காமலே போனார்கள். மேல்கரையில் நீர்நாய் கடையில் கூட்டம் அலைமோதுகிறது, ஏதோ சலுகையாம் என்று முயல்கள் பேசிக்கொண்டன. வேலாயிக்கு அலுப்பாக இருந்தது. நாள் முழுக்கத் தோண்டுவது, கழுவுவது, யாரும் வராத வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அலுக்காமல் என்ன செய்யும்?

அப்படி அலுத்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் சொக்கன் வந்து கிளையில் உட்கார்ந்தான். சொக்கன் ஒரு கரிச்சான் குருவி. கரிச்சானைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது யார் குரலையும் அச்சு அசலாகப் பேசும். மான் மாதிரிக் கத்தினால் மானே திரும்பிப் பார்க்கும். சும்மா விளையாட்டாக இருந்த அந்த வித்தையைச் சொக்கன் போனுக்குள் கொண்டுபோய்த் தொழிலாக்கிவிட்டான்.

"அக்கா, எல்லாருக்கும் பொதுவா கூவுறதெல்லாம் இப்ப எடுபடாது" என்றான். "கிழங்கு தின்கிறவங்க யாரு, தின்னலாமான்னு யோசிக்கிறவங்க யாரு, எல்லா விவரமும் என் போன்ல இருக்கு. மானுக்கு மான் குரல்ல மெசேஜ் போகும். குரங்குக்குக் குரங்கு குரல்ல போகும். சொந்தக்காரங்க குரல்ல சொன்னா யாருதான் தட்டிக்கழிப்பாங்க?"

அது பொய் இல்லையா என்று கேட்டாள் வேலாயி. விளம்பரம் என்றான் சொக்கன்.

பிறகு ஏற்பாட்டைச் சொன்னான். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் பாதி விலை, ஒரு நெல்லிக்காய். அதிலும் பாதி சொக்கனுக்கு. அப்படியானால் எனக்கு என்ன மிஞ்சும் என்று வேலாயி கேட்டாள். கேட்காமல் இல்லை. ஆரம்பத்துக்குத்தான் இது, ஒருதடவை ருசி பார்த்தவர்கள் அப்புறம் முழு விலைக்கு ஓடி வருவார்கள் என்றான். அவள் யோசிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கிழக்கு மலையில் கடை வைத்திருக்கும் ஒரு முள்ளம்பன்றியாம். "நானும் உன்னை மாதிரிதான் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. விளம்பரத்தைச் சொக்கன்கிட்ட கொடுத்தேன், இப்ப நிக்க நேரமில்ல" என்றது அந்தக் குரல். வேலாயிக்கு மனசு ஆறியது. நம்மைப் போல ஒருத்தி சொல்கிறாளே என்று நினைத்தாள். அது யார் குரல் என்று நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். அவளுக்குத் தெரியவில்லை. அலுத்துப் போனவர்களுக்குச் சந்தேகப்படுவதற்குக்கூடத் தெம்பு இருக்காது, பாவம்.

மறுநாள் சம்மதம் சொல்லிவிட்டாள்.

கூட்டம் வந்தது. இல்லை என்று சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. கிழக்கு மலையிலிருந்து குரங்குகள் பட்டாளமாக இறங்கின. குட்டையைச் சுற்றி வரிசை நின்றது. முதல் நாள் வேலாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் கடை வாசலில் இத்தனை பேரா என்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனாள்.

இரண்டாம் நாளே மூச்சு வாங்கியது. குரங்குகள் ஒரு கடி கடித்தன, போட்டோ எடுத்தன, மீதியைக் குட்டையில் எறிந்தன. மறுநாள் அதே குரங்குகள் வேறு நம்பரோடு வந்து, நாங்கள் புதிது என்றன. போனும் ஆமாம், புதிது என்று காட்டியது. போன் சொன்னபின் வேலாயி என்ன சொல்ல முடியும்? விடியும் முன்னே தோண்டப் போனாள், இருட்டும்வரை தோண்டினாள். நகம் தேய்ந்தது. சரியாகக் கழுவ நேரமில்லாமல் மண்ணோடு கொடுத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு இருளப்பன் வந்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வரும்போது இளசான கிழங்கெல்லாம் தீர்ந்திருந்தது. எல்லாரும் ஒரு நெல்லிக்காய் கொடுப்பதைப் பார்த்துவிட்டு அவரும் ஒன்றை எடுத்து வைத்தார்.

"அது புதுசா வர்றவங்களுக்கு மட்டும்ணே" என்றாள் வேலாயி. "என் கையில இல்ல. போன்ல அப்படித்தான் இருக்கு."

இருளப்பன் தலையை ஆட்டினார். இன்னொரு நெல்லிக்காயை எடுத்து வைத்தார். அவள் கொடுத்த முற்றின கிழங்கை வாங்கிக்கொண்டு, ஒரு பக்கமாகவே மென்றபடி போனார். வேலாயிக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த குரங்கு அதற்குள் போனை நீட்டிவிட்டது.

சில நாள் கழித்து இருளப்பன் மறுபடி வந்தார். இந்த முறை அவரும் போனை நீட்டினார். புது நம்பர். முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் புதுசா வந்திருக்கேன்" என்றார்.

எத்தனையோ வருஷமாகத் தினமும் வந்த ஆள். ஏன் அண்ணே இப்படி என்று வேலாயி கேட்டிருக்கலாம். சிரித்துக்கூட இருக்கலாம், சிரித்திருந்தால் அவரும் சிரித்திருப்பார், அதோடு போயிருக்கும். ஆனால் பின்னால் கூட்டம் நெருக்கியது. புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதற்கென்று சொக்கன் ஒரு பேச்சு கற்றுக்கொடுத்திருந்தான். அதுதான் அவள் வாயில் வந்தது.

"வாங்க, வணக்கம். முதல் தடவையா எங்க கடைக்கு வந்ததுக்கு ரொம்ப நன்றி."

இருளப்பன் ஒரு நெல்லிக்காயை வைத்துவிட்டுக் கிழங்கை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. முயல்களும் வரவில்லை. மான் குடும்பம் எப்போது நின்றது என்றே அவள் கவனிக்கவில்லை.

ஒருநாள் காலையில் மேட்டைத் தோண்டிக்கொண்டே போனவள் நின்றுவிட்டாள். தோண்ட ஒன்றும் இல்லை. தாய்க்கிழங்குகள் மட்டும்தான் பாக்கி. கடை வாசலில் வழக்கம்போல் வரிசை நின்றது. இன்றைக்குக் கிழங்கு இல்லை என்று சொல்லிவிடு என்று சொக்கனிடம் கெஞ்சினாள். போனில் பாதி விலைக்குக் கூப்பன் கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பி வாங்க முடியாது என்றான் அவன்.

"அதான் மண்ணுக்குள்ள இன்னும் இருக்கேக்கா. அதை எடுங்க."

"அது தாய்க்கிழங்குடா."

"தின்கிறவங்களுக்கு அது தெரியவா போகுது? இன்னைக்குக் கொடுக்கலைன்னா ஒத்தை ஸ்டார் போடுவாங்க. அப்புறம் யாரும் இந்தப் பக்கம் தலை வைச்சுப் படுக்கமாட்டாங்க!"

வேலாயி மேட்டுக்குப் போனாள். முதல் கொடியின் அடியில் மண்ணைத் தள்ளினாள். தாய்க்கிழங்கு கைக்குத் தட்டுப்பட்டது. பல்லை வைத்து இழுக்கப்போனவள், அதன் தலையில் வெள்ளையாக ஒரு முளை எட்டிப்பார்ப்பதைக் கண்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. யாருக்காக இதைப் பிடுங்குகிறோம் என்று யோசித்தாள். ஒரு கடி கடித்துக் குட்டையில் எறியப்போகிற ஒருவனுக்கு. நாளைக்கும் புதிதாகவே வரப்போகிற ஒருவனுக்கு.

மண்ணைத் திரும்பத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினாள். வாசலுக்கு வந்தாள்.

"கிழங்கு கிடையாது. போங்க" என்றாள்.

குரங்குகள் கத்தின. எல்லாம் சேர்ந்து ஒத்தை ஸ்டார் போட்டன. ஏமாற்றுக்காரி என்று எழுதின. பேர் கெட்டுப்போகும் என்று சொக்கன் பயமுறுத்தினான். கெடட்டும் என்றாள் அவள். அவன் தன் பங்கை ஏற்கெனவே வாங்கியிருந்ததால் அதிகம் வருத்தப்படாமல் பறந்து போனான். ருசி பார்த்தவர்கள் முழு விலைக்கு ஓடி வருவார்கள் என்றானே, அதில் ஒருவர்கூட வரவில்லை.

கடை காலியாகக் கிடந்தது. வேலாயி போனை எடுத்து இருளப்பனுக்கு ஒரு மெசேஜ் பேசினாள். அண்ணே, தப்பா நினைக்காதீங்க, ஒருதடவை வாங்க என்றாள். அவர் கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. மறுபடி பேசினாள். அதற்கும் இல்லை. கடைசியில் அலுப்பைப் பார்த்தால் ஆகாது என்று, அவர் இருக்கிற கரடிப்பாறைக் குகை வரைக்கும் நடந்தே போனாள். முள்ளம்பன்றிக்கு அது சின்ன தூரம் இல்லை.

வாசலில் நின்று, "அண்ணே" என்று கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து இருளப்பன் குரல் வந்தது. "சொக்கா, உனக்கு வேற வேலையே இல்லையா? போய்டு."

"சொக்கன் இல்லண்ணே. நான்தான், வேலாயி."

"அவனும் அப்படித்தான் சொல்றான்" என்றார் அவர். "ரொம்ப நாளா உங்களைக் காணோமேன்னு உன் குரல்லயே மெசேஜ் வந்துச்சு. நம்பிக் கிளம்பினேன். பார்த்தா, நீர்நாய் கடைக்கு விளம்பரம். போதும்ப்பா. எனக்கு எதுவும் வேணாம்."

வேலாயி தன் குரலையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறாள். அது அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது. இனி என்ன சொன்னாலும் அது சொக்கன் சொன்னதாகத்தான் அவர் காதில் விழும். அதனால் அவள் பேசவில்லை. குகை வாசலிலேயே உட்கார்ந்தாள். வெயில் ஏறியது, இறங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும்போது தண்ணீர் குடிக்க இருளப்பன் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

"நீதானா?"

"நான்தான்ணே."

"என்ன சலுகை கொண்டுவந்திருக்க?"

"ஒண்ணுமில்ல. கிழங்குகூட இல்ல. மழை பேஞ்சு கொடி படர்ந்தாதான் உண்டு. அதுவும் பழைய விலைதான்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?"

"உங்களை யாருன்னு தெரியாத மாதிரி நடந்துக்கிட்டேன்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார். "இப்ப நான் எல்லாக் கடையிலயும் புதுசு வேலாயி. எங்க போனாலும் பாதி விலை. ஆனா எனக்கு எந்தப் பக்கம் பல்வலின்னு ஒருத்தருக்கும் தெரியல."

இருட்டிக்கொண்டு வந்தது. போய்வருகிறேன் என்று வேலாயி எழுந்தாள். மழை பெய்யட்டும், பார்க்கலாம் என்றார் அவர். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மழை அந்த வருஷம் தாமதமாகத்தான் பெய்தது. கொடி படர்ந்தது, ஆனால் சுற்றிலும் அதிகம் தோண்டிவிட்டதால் கிழங்கு குறைவாகத்தான் விழுந்தது. வேலாயி பாறைமேல் கொஞ்சமே கொஞ்சம் கிழங்கைப் பரப்பிவைத்து, வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பல நாள் கழித்து, ஒரு சாயங்காலம் இருளப்பன் வந்தார். இரண்டு நெல்லிக்காயை எடுத்து வைத்தார். வேலாயி ஒரு கிழங்கை எடுத்து, உட்கார்ந்து தோல் சுரண்ட ஆரம்பித்தாள். அவர் காத்திருந்தார்.

வராதவர்களை வரவழைக்கிற அவசரத்தில், தினமும் வருகிறவரை அந்நியராக்கிவிட்டால், அவரைத் திரும்பக் கூட்டிவர எந்த விளம்பரத்தாலும் முடியாது; நாமேதான் நடந்து போகவேண்டும்.