பெஞ்சில் இருந்தவர் பார்த்தது

எட்டு வருஷம் கிளப்புக்காகச் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடிய இன்பராஜ், முக்கால்வாசி நேரம் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவரே இப்போது கோச் வேலை கேட்டு வந்ததும் கிளப் தலைவர் கோதண்டபாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஒரு மேட்ச் விடாம முன்வரிசை சோபாவுல உட்கார்ந்து பார்த்தவன்யா நான்! நான் பார்க்காத எதையாவது நீ பெஞ்சுலேர்ந்து பார்த்திருந்தா சொல்லு, வேலை உனக்குத்தான்.”

கமிட்டிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“ரெண்டாவது பாதி, தலைவரே,” என்றார் இன்பராஜ். “இடைவேளையில பொன்னாடை போட்டதும் நீங்க கிளம்பிடுவீங்க. நாம தோக்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.”

கமிட்டி குலுங்கிச் சிரித்தது. தலைவர் நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

தலைவருக்குப் பொன்னாடை இனிமேல் கடைசி விசில் ஊதிய பிறகுதான் என்பது புதுக் கோச்சின் முதல் உத்தரவு.