பெரு நாட்டுக் குழாயடி

பொன்னுலிங்கம் அண்ணாச்சி சவரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் அம்பாசமுத்திரத்தில் யாருக்கும் அவசர வேலை இருக்கக் கூடாது. முகத்தில் நுரை பூசிய பிறகுதான் அவருக்குப் பேச்சே வரும். சலூன்காரன் சுடலைமணி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்க வேண்டும். வாடிக்கையாளர் என்பதால் மறுபேச்சும் பேச முடியாது. அதுதான் அவனுக்குப் பெரிய எரிச்சல்.

அண்ணாச்சிக்கு இப்போது புதுப் பைத்தியம். போனில் ஒரு குழு. உலகமெங்கும் முகம் தெரியாத ஆட்கள். யாராவது ஒரு படத்தைப் போட்டு "இது எந்த இடம்?" என்று கேட்பார்கள், எல்லாரும் கூடி மண்டையை உடைத்துக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் குழுவே தன்னால்தான் ஓடுகிறது என்பது அண்ணாச்சியின் வாக்குமூலம்.

"போன மாசம் துருக்கிக்காரன் ஒருத்தன் வெறும் மேகத்தைப் படம் புடிச்சுப் போட்டான் வே. மேகம் மட்டும்தான். எந்த மலையில ஏறி எந்த ஊருல இறங்கும்னு சொல்லிட்டேன். அங்க போயி குடை வித்தே ஒருத்தன் மாடி வீடு கட்டிட்டான்."

பெஞ்சில் பேப்பரோடு இருந்த ரிட்டயர்டு கண்டக்டர் ஆவுடையப்பன் தலை நிமிராமல் கேட்டார்: "மேகம் டிக்கெட் எடுத்துதா?"

"நக்கல் பண்ணும். அடுத்தவன் என்ன போட்டான் தெரியுமா? சட்டைப் பைக்குள்ள போன் கிடக்கும்போது தெரியாம எடுத்த படம். கன்னங்கரேல்னு இருட்டு. குழுவுல அத்தனை பேரும் கையை விரிச்சுட்டான். நான் சொன்னேன், இது போலந்து இருட்டுடே. நம்ம ஊரு இருட்டுல லேசா செவப்பு கலந்திருக்கும்."

நுரை காய்ந்துவிட்டது. சுடலைமணி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பூசினான்.

"இதெல்லாம் என்ன? ஒரு நாட்டு ராணுவத்துல இருந்தே போன் வந்துச்சு. பேரு சொல்லக் கூடாது. 'ஐயா, பூகம்பத்துல எங்க நாடு கொஞ்சம் நவுந்துட்டு, இப்ப எங்க இருக்கோம்னே தெரியலை'ன்னு அழுதான். லொகேஷன் அனுப்பி வச்சேன்."

"போயிச் சேந்துட்டானா?" என்றார் ஆவுடையப்பன்.

"சேந்துட்டான். பக்கத்து நாட்டுக்காரன்தான் கோவமா இருக்கான்."

பிறகு அண்ணாச்சி போனைத் திருப்பிக் காட்டினார். காரை பெயர்ந்த சுவர், சொட்டுகிற குழாய், பிடியில்லாத நீல வாளி, ஓரமாக ஓர் உடைந்த ஆட்டுக்கல். படத்துக்குக் கீழே 'இந்தக் குழாய் எங்கே சொட்டுகிறது?' என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

"உலகமே முழிக்கு வே. கென்யா வாத்தியார் ஒருத்தர் 'உங்க ஊர்ப் பக்கம் மாதிரில்லா இருக்கு'ங்காரு. விவரங்கெட்ட மனுசன். குழுவை விட்டே தூக்கிட்டேன். இது பெரு நாடு. சொட்டு எப்படிச் சாஞ்சு விழுது பாரும். மலைச்சரிவுல மட்டும்தான் அப்படி விழும்."

"பெருவுல ஆட்டுக்கல்லு ஏது வே?"

"அவனும் இட்லிதான் திங்கான். வெளிய சொல்லுததில்ல."

"சும்மா அளக்காதேயும்," என்று பேப்பரை இறக்கினார் ஆவுடையப்பன்.

"அளக்கேனா? இது பெரு இல்லேன்னா, இந்த மீசையை இங்கயே எடுத்துரும்!"

சுடலைமணி கத்தியைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். மீசை அண்ணாச்சியுடையது என்றாலும் அதற்கு முறுக்கு ஏற்றி வளர்த்தது அவன் கை. "அதே மாதிரி வையி" என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வருகிற மீசை.

அப்போது போன் அடித்தது. "எடுடே சுடலை, முகமெல்லாம் நுரை," என்றார் அண்ணாச்சி. வீடியோ கால். அண்ணாச்சியின் மனைவி செண்பகவடிவு. சுடலைமணி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த காரை பெயர்ந்த சுவரைப் பார்த்தான். நீல வாளியைப் பார்த்தான். ஆட்டுக்கல்லையும் பார்த்தான்.

"அக்கா... அந்தக் குழாய்..."

"ஆமா, நாந்தான் வேற பேருல அந்தக் குழுவுல போட்டேன். குழாய் சொட்டுது, சொட்டுதுன்னு வாய் வலிக்கச் சொன்னேன். போனை விட்டுத் தலை நிமிந்தாத்தான? சரி, போனுக்குள்ளயாவது பாக்கட்டும்னு போட்டேன். கல்யாணமான நாள்ல இருந்து தட்டுலயே கை கழுவுத மனுசருக்குப் பின்வாசல் பெரு நாடாத்தான் தெரியும். அவுக தூக்கிப் போட்டாகள்லா, அந்தக் கென்யா வாத்தியாரு, அவருதான் எனக்குத் தனியா படம் வரைஞ்சு அனுப்பி குழாய்க்குள்ள இருக்க ரப்பர் வாசரை மாத்தச் சொல்லிக் குடுத்தாரு. மாத்திட்டேன். இப்ப சொட்டலை. அவுகளைச் சாப்பிட வரச் சொல்லு."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "எனக்கு முதல்லயே தெரியும் வே. குழுவைச் சோதிச்சுப் பாத்தேன்."

"ரொம்பச் சந்தோசம்," என்றார் ஆவுடையப்பன். "சுடலை, கத்தி எங்கடே?"

சுடலைமணிக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது. இரண்டே இழுப்பில் மீசை போனது. அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, கண்ணாடியைப் பார்க்காமல் வாசலில் இறங்கினார்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சுடலைமணி அண்ணாச்சியிடம் மறுபேச்சுக்கு வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, வீட்டுக்கு வழி தெரியும்லா? இல்ல, கென்யா வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லட்டுமா?"