ஒரே ஒரு நோரா நான்கு

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் கிடையாது. ஆனாலும் முடிவில் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் மனத்தாங்கலோடு நிற்கிறார்கள். தீர்ப்பு உங்கள் கையில். நிதானமாகக் கேளுங்கள்.

தூத்துக்குடியில் வினோலியா என்று ஒரு பெண். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு ஆவணம் முடித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பார்த்தது சம்பளமில்லாத வேறொரு வேலை. கம்பெனிகள் கைவிட்ட பழைய போன்களில் போட்டுக்கொள்ளத் 'தும்பி' என்றொரு இயங்குதளம் உண்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதைச் செய்கிறவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கும் தன்னார்வலர்கள். எந்தப் போனுக்குத் தும்பி வரும், எதற்கு வராது என்பதில் பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. அந்த மாடலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதுப்பிப்பையும் போட்டுப் பார்த்துப் பழுது நீக்க ஓர் ஆள் இருந்தால் வரும். அருமையான போன்கள் ஆளில்லாமல் நின்றுபோயின. மட்டமான போன் ஒன்றுக்கு மூன்று பேர் இருந்தார்கள். நோரா நான்கு என்ற மாடலுக்கு வினோலியா ஒருத்திதான்.

வருஷக்கணக்காகப் பார்த்தாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குக்கூடப் போகாமல் பார்த்தாள். அந்தப் போன் வைத்திருப்பவர்களின் குழுவில் 'எப்போ வரும்?' என்று கேட்க ஆள் இருந்தது. வந்ததும் 'கேமரா ஏன் மங்கலா இருக்கு?' என்று கேட்கவும் ஆள் இருந்தது. அவள் பதில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் அவளுடைய நோராவின் பேட்டரி உப்பி, உள்ளே இருந்ததெல்லாம் சேர்ந்து கருகிப்போயிற்று. செகண்ட் ஹேண்ட் கடைகளில் அந்த மாடல் வருவதே நின்றுவிட்டது. கையில் போன் இல்லாமல் புதுப்பிப்பு வெளியிடக் கூடாது என்பது தும்பிக்காரர்களின் விதி. சோதிக்காமல் விட்டு, யாருக்காவது அவசரத்தில் அழைப்பு போகாவிட்டால் யார் பொறுப்பு? வினோலியா குழுவில் எழுதினாள்: "யாராவது ஒரு நோரா நான்கு தந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் இத்தோடு சரி."

பலரும் அதற்குள் புதுப் போனுக்கு மாறியிருந்தார்கள். பதிலாகச் செல்வினின் குரல்பதிவு ஒன்று மட்டும் வந்தது. அவர் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே கண் தெரியாதவர்.

"சிஸ்டர், இந்தப் போன்ல கீழ ஒரு பட்டன் உண்டு. எனக்கு எல்லாம் அத வச்சுத்தான். புதுப் போன் எல்லாம் வெறும் கண்ணாடி, விரல எங்க வைக்கன்னே தெரியாது. அப்டேட் நின்னா பேங்க் ஆப் தொறக்காது. பெறவு பின் நம்பர எவன்கிட்டயாவது சொல்லித்தான் பைசா எடுக்கணும்."

அதே வாரம் கோவில்பட்டியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே நோரா நான்கு. அனுப்பியவர் தங்கமாரியப்பன் என்கிற வேன் டிரைவர். வினோலியா போன் போட்டு, "உங்களுக்கு வேண்டாமாண்ணே?" என்று கேட்டாள்.

"வீட்டுல சும்மா கெடந்தது மேடம். வச்சுக்கிடுங்க. அந்தத் தம்பி பேசுனதக் கேட்டு மனசே சரியில்ல."

வினோலியா மறுபடி உட்கார்ந்தாள். சில ஞாயிறுகள் போயின. புதுப்பிப்பு வெளியானது. செல்வினின் பேங்க் ஆப் திறந்தது. நல்ல செய்தியைச் சொல்லலாமென்று தங்கமாரியப்பனுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது அவர் மனைவி.

"அவரு தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்தப் போயிருக்காரு."

"வேன் ஓட்டலியா?"

"சவாரியெல்லாம் ஆப்லதான வருது. போன்தான் ஒங்ககிட்ட இருக்கே. இந்தப் பட்டன் போன்ல அதெல்லாம் ஏறாதும்மா." அந்தம்மாள் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னாள். அதுதான் வினோலியாவுக்குத் தாங்கவில்லை.

மறுநாளே போனைக் கூரியரில் திருப்பி அனுப்பினாள். பொட்டலம் கைமாறியதும் தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. குழுவில் எழுதினாள்: "வந்த போனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி என்னிடம் போன் இல்லை. நோரா நான்கு இத்தோடு நிற்கிறது."

செல்வின் கூப்பிட்டார். "அவரு அத ஒங்களுக்கா தந்தாரு? எங்க எல்லாருக்குமாத் தந்தது சிஸ்டர். திருப்பிக் குடுக்க ஒங்களுக்கு உரிமை இல்ல."

தங்கமாரியப்பனும் கூப்பிட்டார். "எங் கஷ்டத்த நான் பாத்துக்கிட மாட்டனா மேடம்? ஒரு நல்ல காரியத்துக்குக் குடுத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அனுப்பிட்டீங்களே."

"ஒங்க வீட்டு அடுப்ப அணைச்சுட்டு என்னால வேலை பாக்க முடியாதுண்ணே" என்றாள் வினோலியா. அதற்குமேல் பேசத் தெம்பில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கத் தூங்கினாள்.

இப்போது சொல்லுங்கள். பொய் சொல்லி, சவாரிக்கு வைத்திருந்த ஒரே போனைக் கொடுத்தார் தங்கமாரியப்பன். பொதுவுக்கு வந்ததைத் திருப்பக் கூடாது என்று வழக்காடினார் செல்வின். திருப்பி அனுப்பிவிட்டு வேலையை நிறுத்தினாள் வினோலியா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: செய்ததில் வினோலியாதான் சரி. சும்மா கிடக்கிறது என்ற பேச்சை நம்பி வாங்கியதை, அது பொய் என்று தெரிந்தபின் வைத்துக்கொள்ள முடியாது. வேலையை நிறுத்தவும் அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அவள் சொன்னது சரியில்லை. இரண்டு முறையும் போன் இல்லை என்றே சொன்னாள். அதனால் எல்லோரும் போனைப் பற்றியே நினைத்தார்கள்; ஒருவர் தன் பிழைப்பையே கழற்றிக் கொடுத்தார். 'களைத்துவிட்டேன், வேறு யாராவது பாருங்கள்' என்று சொல்லியிருந்தால் ஆளைத் தேடியிருப்பார்கள். கிடைத்திருப்பாரா என்பது தெரியாது. ஆனால் இதுவரை யாரும் தேடவே இல்லை.