உள்ளேயிருந்து திறக்காத கதவு

"அந்த ஆள் என்னை நல்லா ஏமாத்திட்டான், அம்மா."

பசுபதி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

சௌந்தரநாயகி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எந்த ஆள்?"

"கார் வித்தவன். கரூர்க்காரன்."

சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்தத் தியான இல்லத்துக்கு அம்மாதான் குரு. பசுபதிக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. அதனால் குரு சீடரை அண்ணா என்பார். சீடர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

"ஆன்லைன்ல பார்த்தப்ப முத்து மாதிரி இருந்துச்சும்மா. வந்து பார்த்தா பின்னாடி பம்பர்ல இவ்வளவு நீளத்துக்குக் கீறல். ஏ.சி.யைப் போட்டா காத்து வருது, குளிர் வரல. சீட்டெல்லாம் ஒரே புகையிலை வாடை."

"பழைய வண்டின்னுதானே சொன்னீங்க?"

"பழசுதான். அதுக்காக?"

"ஓடுதா?"

"கரூர்லேர்ந்து எங்கயும் நிக்காம வந்துச்சு." சொன்ன பிறகுதான், கரூர்க்காரனுக்குச் சாதகமாகப் பேசிவிட்டது அவருக்கு உறைத்தது. குரலை ஏற்றினார். "அதையெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். முன்னாடி இடது கதவு உள்ளேயிருந்து திறக்கவே மாட்டேங்குது!"

"வெளியே நின்னு திறந்தா?"

"திறக்குது."

"அப்புறம் என்ன?"

பசுபதி தோளில் கிடந்த துண்டால் வாயின் வலது ஓரத்தை ஒற்றிக்கொண்டார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் நிற்காமல் வலது பக்கமாக ஒழுகியது. முகவாதம் என்றார்கள். நிறையப் பேருக்குத் தானே சரியாகிவிடும் என்றார்கள். அவருக்குச் சரியாகவில்லை. வலது கன்னம் தொங்கியது தொங்கியதுதான். வலது கண் தூக்கத்திலும் பாதி திறந்தே கிடந்தது.

நாளை மறுநாள் காலை ரயிலில் அவருடைய மகள் வருகிறாள்.

பெயர் இளவேனில். பசுபதியும் மனைவியும் பிரிந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. அம்மாவோடு புனேவுக்குப் போனவள்தான். அதன் பிறகு பேச்சே இல்லை. போன வருடம் அவளே எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து, 'அப்பா' என்று ஒற்றைச் சொல் அனுப்பினாள்.

அன்றிலிருந்து தினமும் பேசினார்கள். குரல் மட்டும்.

போனில் அவர் வைத்திருந்த படம் பழையது. ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. முறுக்கிய மீசையும் நேரான சிரிப்புமாக இருப்பார். ஒருநாள் அவள் வீடியோவில் வரச் சொன்னாள். மலையடிவாரம், டவர் இல்லை என்றார். பேச்சு ஏன் குழறுகிறது என்று கேட்டாள். பல் டாக்டர் மேல் பழியைப் போட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. சொன்னதைக் கேட்டுக்கொள்கிற நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

"மெக்கானிக் ஜெபராஜ் என்ன சொல்றான்?" என்றார் அம்மா.

"உள்ளே கொக்கி உடைஞ்சிருக்காம். இந்த மாடலுக்குச் சாமான் கிடைக்கணுமாம். கிடைக்கலைன்னா வண்டியைக் கொண்டுபோய் கரூர்க்காரன் வாசல்லயே விட்டுட்டு வந்துடுவேன்."

"பாப்பா?"

"வர வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

கீரைக் காம்பைக் கிள்ளிய விரல்கள் நின்றன.

"ஒரு கதவுக்காகவா?"

"ஆமாம்மா."

"திண்டுக்கல்லேர்ந்து நம்ம வாசலுக்கே பஸ் வருதே."

"பஸ் வேண்டாம்."

"ஆட்டோ?"

"ஆட்டோவும் வேண்டாம். கார்தான்."

"துறவுக்கு வந்த இடத்துல காரா அண்ணா?"

பசுபதி சிரிக்கவில்லை.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வாங்க. அந்தக் காரைப் பார்ப்போம்."

வேப்ப மரத்தடியில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் நின்றது கார். பம்பர் கீறலைப் பசுபதி சுட்டிக் காட்டினார். அம்மா பார்க்கவில்லை. நேராகப் போய் முன்பக்க இடது கதவைத் திறந்து உட்கார்ந்து, படாரென்று சாத்திக்கொண்டார்.

"ஏறுங்க."

பசுபதி சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"கிளப்பவா?"

"வேண்டாம். ரோட்டைப் பாருங்க. போதும்."

அவர் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒன்றுமில்லை. அம்மா அவர் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"இங்கேயிருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கீங்க, அண்ணா."

பசுபதியின் கை தோள் துண்டுக்குப் போயிற்று.

இந்த இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து, கூடத்தில் அவர் உட்கார்வது வலது சுவரோரம். பந்தியிலும் வலது கோடி. யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டார்.

"ஸ்டேஷன்ல என்ன செய்வீங்க?" அம்மாவின் குரலில் குத்தல் இல்லை.

"மஃப்ளர் கட்டிக்கிட்டு வண்டியிலயே இருப்பேன். நம்பர் சொல்லியிருக்கேன். அவளே வந்து ஏறிடுவா. வழியெல்லாம் பேசிக்கிட்டே வரலாம். அவளுக்கு என் இடது பக்கம்தான் தெரியும்."

"இறங்கறப்ப?"

"அவளே கதவைத் திறந்து இறங்கி உள்ள போயிருந்தா... நான் அப்புறமா, மெதுவா..."

"மெதுவா?"

காருக்குள் புழுங்கியது. புகையிலை வாடை லேசாக எழுந்தது.

"அவ மனசுல ஒரு அப்பா இருக்கான்மா. அந்தப் போட்டோவுல இருக்கிறவன். அவனைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வர்றா. வந்து பார்த்தா..."

அம்மா கையை நீட்டினார். "அந்த விளம்பரத்தைக் காட்டுங்க."

பசுபதி போனில் தேடி எடுத்துக் கொடுத்தார். வரிசையாகப் படங்கள். கழுவித் துடைத்து, சாயங்கால வெயிலில் நிறுத்தி எடுத்தவை. புதுப் பெண் மாதிரி இருந்தது வண்டி. படங்களுக்குக் கீழே ஒன்றரை வரி. அதன் முடிவில் நீல எழுத்தில் 'மேலும் படிக்க'.

"இதை அமுக்கினீங்களா?"

"படம்தான் இருந்துச்சேம்மா."

அம்மா அமுக்கினார். சத்தமாகப் படித்தார்.

"பின் பம்பரில் கீறல் உண்டு. ஏ.சி. சுமார். அப்பா புகையிலை போடுவார், வாடை இன்னும் போகவில்லை. முன்பக்க இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. நாம்தான் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். மற்றபடி ஓடும்."

பசுபதி போனை வாங்கித் தானும் படித்தார். கரூர்க்காரர் ஒன்றைக்கூட விட்டிருக்கவில்லை.

போனை அம்மாவே திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரி அண்ணா, அடுப்புல கீரையை ஏத்தணும். நான் எப்படி இறங்கறது?"

பசுபதி இறங்கினார். காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். நடுப்பகல் வெயில் நேராக முகத்தில் விழுந்தது. துண்டைக் கன்னத்தில் வைத்தபடியே கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்தது. துண்டு நழுவியது. கதவு திறந்தது.

அம்மா இறங்கவில்லை. போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

'கிளிக்' என்றது.

"அம்மா!"

அம்மா போனை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார்.

"இதை நான் என்ன செய்ய?"

"உங்க படம். உங்க இஷ்டம்." திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

பசுபதி அப்படியே காரின் படியில் உட்கார்ந்தார். படத்தில் ஒரு வயதான ஆள் கதவைப் பிடித்துக் குனிந்து நின்றான். ஒரு கண் சுருங்கி இருந்தது. மறு கண் அகல விழித்திருந்தது. வாய் ஒரு பக்கமாக வழிந்து கிடந்தது. குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் விரலை வைத்தார். அழித்துவிடவா என்று போன் கேட்டது.

வேண்டாம் என்று அமுக்கினார். ஏன் அமுக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சமையற்கட்டிலிருந்து தாளிக்கிற வாசம் வந்து, அடங்கியும் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு மகளுக்கு அந்தப் படத்தை அனுப்பினார். கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

'வலது பக்கம் முகம் இழுத்திருக்கும். வலது கண் முழுசா மூடாது. பல் டாக்டர் மேல் தப்பில்லை. மற்றபடி ஓடும்.'

அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் காட்டின. எழுதுகிறாள் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. வேப்பம்பழம் ஒன்று கார்க் கூரையில் விழுந்து உருண்டது.

பதில் வந்தது.

'நானும் என் போட்டோல இருக்கிற மாதிரி இல்லப்பா. டவர் இல்லைன்னு நீங்க சொன்னப்ப எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. ரயில் ஏறவா?'

அவருடைய வலது கண்ணில் எப்போதும் நீர் வடியும். இப்போது இடது கண்ணிலும் வடிந்தது.

'ஏறும்மா' என்று அனுப்பினார்.

அனுப்பி முடிப்பதற்குள் போன் அடித்தது. மெக்கானிக் ஜெபராஜ்.

"சார், உங்க அதிர்ஷ்டம், மதுரையில சாமான் கிடைச்சிருச்சு. சாயங்காலமே வந்து கதவைச் சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"வேண்டாம்ப்பா."

"என்ன சார் நீங்க! காலையிலேர்ந்து போன் மேல போன் போட்டு உயிரை வாங்குனீங்க?"

"இருக்கட்டும் ஜெபராஜ்."

"அப்ப உள்ள இருக்கிறவங்க எப்படி சார் இறங்குவாங்க?"

"நான் சுத்தி வந்து திறந்துவிடுவேன்."