மின்னல் தையலகத்தார் தைத்த வாழ்த்து அட்டை

சாத்தன்குறிச்சியில் தையல் கடைகள் நான்கு. மூன்று கடைகளில் சொன்ன தேதிக்குத் துணி கிடைத்துவிடும். நான்காவதின் பெயர் மின்னல் தையலகம்.

அங்கே மூன்று பேர். துணி வெட்டுவது காசிலிங்கம் மாஸ்டர். மெஷின் மிதிப்பது பிச்சாண்டி. காஜா எடுத்துப் பட்டன் கட்டுவது ஞானதுரை. மூவரின் வயதையும் கூட்டினால் நூற்று அறுபத்தாறு. அறிவைக் கூட்டிப் பார்க்க இதுவரை யாரும் முன்வரவில்லை.

கை வேலையில் இருக்கும்போது கண் பேப்பருக்குப் போகக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். அதனால் தபால்காரர் சொர்ணவேல், வேலையில் இருந்தபோதும் ஓய்வு பெற்ற பிறகும், தினமும் பத்து மணிக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, செய்தித்தாளை உரக்கப் படிப்பார். பதினோரு வருஷம் இப்படி நடந்தது. பிறகு அவர் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு சட்டை தைக்கக் கொடுத்தார். கல்யாணம் முடிந்தது, மறுவீடு முடிந்தது, சட்டை முடியவில்லை. கல்யாண போட்டோவில் பெண்ணின் தகப்பனார் பழைய காக்கிச் சட்டையில் நிற்கிறார்.

அன்றோடு அவர் கடைப்படி ஏறவில்லை. எழுபத்து மூன்று நாட்களாக உலகத்தில் என்ன நடக்கிறது என்று மின்னல் தையலகத்துக்குத் தெரியாது. நடுவே தேர்தல் ஒன்று வந்து போனது. யார் ஜெயித்தது என்று தெரியாததால் மூவரும் எதிரே வந்த எல்லாக் கட்சிக்காரருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். தோற்றவர்களில் இரண்டு பேர் அடிக்க வந்தார்கள்.

ஆவணி பன்னிரண்டு சொர்ணவேலுக்குப் பிறந்தநாள். வயது அறுபத்தொன்று. முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் வாழ்த்து அட்டை சுமந்தும் தன் பேருக்கு ஒன்றுகூட வந்ததில்லை என்று அவர் எப்போதோ சொன்னது ஞானதுரைக்கு ஞாபகம் வந்தது. கையாலேயே ஒரு அட்டை செய்து கொடுத்தால் கோபம் தணிந்து ஆள் திரும்பி வருவார் என்று முடிவு செய்தார்கள்.

எழுதுபொருள் கடை ரெஜினாவிடம் போய் யோசனை கேட்டார்கள். அவள் நான்கு விஷயம் சொன்னாள். கெட்டித்தாளைச் சரிபாதியாக மடிக்க வேண்டும். கடையில் விற்பது போல இல்லாமல் அவருக்கே பொருந்துவதாக இருக்க வேண்டும். உள்ளே மனதில் இருப்பதை நான்கு வரி எழுத வேண்டும். பிறந்தநாள் வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது.

கடைக்குத் திரும்பியதும் மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்.

"பொருந்தணும்னு சொல்லிட்டா. அளவு இல்லாம எப்படிடே வெட்டுறது?"

"சட்டைக்கு எடுத்த அளவு இருக்கே," என்றான் பிச்சாண்டி.

"அது கோவத்துக்கு முந்தி எடுத்தது. கோவத்துல ஆள் உப்பியிருப்பார்."

மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நின்ற சொர்ணவேலின் முதுகில் ஒரு டேப் ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தால் பிச்சாண்டி.

"என்னல இது?"

"நீங்க பாக்காதீங்கண்ணே. உங்களுக்குத் தெரியக் கூடாது."

கையைத் தூக்கச் சொன்னான். பழக்கத்தில் அவரும் தூக்கிவிட்டார். கழுத்து பதினைந்தரை, மார்பு முப்பத்தெட்டு, உயரம் இருபத்தெட்டு.

முப்பத்தெட்டு மார்புக்கு ஒரு தாள் போதவில்லை. ஏழு தாளை இணைத்துத் தைத்தார்கள். ஊசி போன வழியெல்லாம் தாள் கிழிந்தது. லைனிங் கொடுக்காமல் நிற்காது என்றார் மாஸ்டர். அலமாரியில் நல்ல வெள்ளைத் துணி பாதி தைத்தபடி கிடந்தது. அது சொர்ணவேலின் கல்யாணச் சட்டை. அவர் துணி அவர் அட்டைக்கே போகிறது, இதைவிடப் பொருத்தம் ஏது என்று அதைப் பிரித்துப் போட்டார்கள். காலர் வைத்தார்கள். பை வைத்தார்கள். ஐந்து பட்டன் கட்டினால், கழற்றி அட்டையைத் திறந்துகொள்ளலாம்.

மனதில் இருப்பதை எழுதும் கட்டம் வந்தது. ஞானதுரை கண்ணை மூடிப் பார்த்து, "இடுப்பு வலிக்கிறது" என்று எழுதினான். பிச்சாண்டி, "காலையில் சாப்பிட்ட இட்லி கல் மாதிரி இருந்தது" என்று எழுதினான். மாஸ்டர் அரை மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று உண்மையை எழுதினார். நான்காவது வரியை மூவரும் சேர்ந்து எழுதினார்கள்: "நீங்கள் இல்லாமல் பெஞ்சு காலியாக இருக்கிறது." இது மனதில் இருப்பதா, கடையில் இருப்பதா என்று கொஞ்ச நேரம் தகராறு நடந்தது. பிறகு போகட்டும் என்று விட்டார்கள்.

கடைசியாக மார்பில் அறுபத்தொன்று என்று நூலால் தைத்தார்கள். மாஸ்டருக்குத் திருப்தி இல்லை.

"உள்ள கொஞ்சம் கூடுதலா மடிச்சுப் பிடிச்சு விடாம நான் எந்தத் துணியும் தைச்சதில்ல. மனுசன் வளருவான்."

"வயசும் வளருமே," என்றான் ஞானதுரை.

ஆகவே அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று, அறுபத்து நான்கையும் தைத்து உட்புறமாக மடித்துவிட்டார்கள்.

அதற்குள் ரெஜினா பொறுக்க மாட்டாமல் சொர்ணவேலிடம் சொல்லிவிட்டாள். தன் பேருக்கு ஒரு அட்டை தயாராகிறது என்று கேட்டதும் மனிதருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆவணி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, குளித்து, திருநீறு பூசி, அதே காக்கிச் சட்டையில் கடைப்படி ஏறினார். கையை நீட்டினார்.

மாஸ்டர் இருபத்தாறு வருஷமாக எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னார்.

"காஜா மட்டும்தான் பாக்கி அண்ணே. செவ்வாய்க்கிழமை வாங்க."

நீட்டிய கையை என்ன செய்வது என்று சொர்ணவேலுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் கிடந்த செய்தித்தாளை எடுத்தார். எடுத்ததைப் படித்தார். செவ்வாய்க்கிழமை வந்தபோது வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். வந்த நாளெல்லாம் படித்தார். தேர்தலில் ஜெயித்தது யார் என்று ஒருவழியாகத் தெரிந்தது. அண்ணனுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, இல்லாவிட்டால் இப்படி வாரம் தவறாமல் வந்து விரட்டுவாரா என்று மூவரும் கவலைப்பட்டார்கள்.

அடுத்த ஆவணி பன்னிரண்டும் வந்தது. அவர் கை நீட்டினார்.

"இப்ப அறுபத்திரண்டு ஆயிருச்சே அண்ணே. உள்ள அறுபத்து நாலு வரைக்கும் மடிச்சு விட்டிருக்கோம், பிரிச்சு விடணும். செவ்வாய்க்கிழமை வாங்க," என்றார் மாஸ்டர்.

சொர்ணவேல் யோசித்தார்.

"அறுபத்து நாலு வரைக்கும்தான உள்ள விட்டிருக்கீங்க? அதுக்குள்ள குடுத்திருவீங்கல்லா?"

மூவரும் தலையைச் சேர்த்து வெகுநேரம் ஆலோசித்தார்கள். பிறகு மாஸ்டர் நிமிர்ந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு மேல போச்சுன்னா, தாள் நீங்கதான் எடுத்துத் தரணும் அண்ணே."