பிஸ்கட்டோடு போன சொல்

ஓர் ஊரில் ஒரு பால்வாடி இருந்தது. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, பதினேழு பிள்ளைகள், ஒரு டீச்சர். சுவரில் வளர்ச்சி அட்டவணை தொங்கியது. எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டிச் சொல்வது அதன் உத்தியோகம். மேஜை மேல் குடும்பப் பதிவேடு கிடந்தது. ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்பது அதற்கு அத்துப்படி. அலமாரி உச்சியில் ஒரு பிஸ்கட் டப்பா.

மூன்றில் டப்பாவுக்குத்தான் வாய் அதிகம். தன் மூடி திறக்கும் சத்தத்துக்குப் பதினேழு தலைகள் ஒரே நேரத்தில் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து, பிள்ளைகளை வளர்ப்பதே தான்தான் என்று அது நம்பிவிட்டது. பாவம், யாரும் அதைத் திருத்தவுமில்லை.

அந்த அறையில் முகிலா என்று ஒரு சிறுமி. நாலரை வயது. வந்து சேர்ந்து மூன்று மாதமாகியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாட்டுக்குக் கை தட்டுவாள். சொன்னதைச் செய்வாள். வாய் மட்டும் திறக்காது.

ஒரு திங்கட்கிழமை மாலை டீச்சர் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"செண்பகவல்லி, வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வர்றாங்க. அதுக்குள்ள இவ வாயத் தொறக்கலைன்னா, பேச்சு வரலைன்னுதான் எழுதணும். ஜூன்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. இன்னும் ஒரு வருஷம் சின்னப் பிள்ளைகளோட இங்கேயே இருக்கட்டும்."

"வீட்டுல வாயே ஓயாது டீச்சர். ராத்திரி நான்தான் போதும்டி தூங்குன்னு கெஞ்சணும்."

"எல்லாத் தாயும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வந்த களைப்பில் செண்பகவல்லிக்கு அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவு பூட்டியதும் உள்ளே கச்சேரி ஆரம்பித்தது.

"நான்கு வயதில் முழு வாக்கியம் பேச வேண்டும்" என்றது அட்டவணை. "அந்தக் கட்டம் காலி. இந்தப் படியில் ஏறாதவள் அடுத்த படியில் எப்படிக் கால் வைப்பாள்?"

"படியாவது மண்ணாவது! என் நாற்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டிப் பாரும்" என்றது பதிவேடு. "இவள் அப்பன்வழித் தாத்தா கல்யாண வீட்டில்கூட வாய் திறக்காத மனுஷன். இது ரத்தத்தில் வந்தது. யாராலும் மாற்ற முடியாது."

டப்பா கலகலவென்று சிரித்தது. "உங்கள் படியும் ரத்தமும் இருக்கட்டும். முதல் நாள் இந்தப் பிள்ளை அழுத அழுகை ஞாபகம் இருக்கிறதா? தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்தேன். அதோடு கப்சிப்! எதைக் கொடுக்கிறோமோ அப்படி வளருவார்கள். அழுகையை நிறுத்தத் தெரிந்த எனக்குப் பேச்சை வரவழைக்கத் தெரியாதா?"

"அன்றைக்கு டீச்சரும் அவளிடம் ஏதோ சொன்னாரே" என்றது பதிவேடு.

"சொன்னார், சொன்னார். அதையெல்லாம் யார் கேட்டது? வேலை செய்தது பிஸ்கட்."

டப்பாவின் மனசு டீச்சருக்கு எட்டியதோ என்னவோ, செவ்வாய்க்கிழமை அவரே டப்பாவைத் திறந்தார். "பிஸ்கட்னு சொல்லு முகிலா, தர்றேன்." முகிலா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிஸ்கட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். புதன்கிழமை ஒன்று மூன்றாகியும் அதே கதைதான். மூன்று பிஸ்கட்டுக்கு மசியாத பிள்ளையை டப்பா தன் ஆயுளில் கண்டதில்லை.

"க்ரீம் வைத்ததாக இருந்தால் பேசியிருப்பாள்" என்று சமாளித்துப் பார்த்தது. அட்டவணையும் பதிவேடும் ஒன்றாகச் சிரித்துவிட்டன. அது டப்பாவுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

வியாழக்கிழமை நிகிதா என்று ஒரு புதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று வயது. அம்மா தெருமுனை திரும்புவதற்குள் நிகிதா தரையில் விழுந்து புரண்டாள். டீச்சர் அடுப்பில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

முகிலா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் காதில் வாயை வைத்து, அலமாரிக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அழாத பாப்பா. இங்க வாயத் தொறந்தா அம்மா வரமாட்டாங்க. நான் தொறக்கவே இல்ல. எங்கம்மா தெனமும் வந்துட்டாங்க."

சமையல் மூலையில் கரண்டி கீழே விழுந்தது.

டப்பாவுக்கு அந்த முதல் நாள் அப்படியே திரும்பி வந்தது. பிஸ்கட்டை நீட்டியபடி டீச்சர் சொன்னது இதைத்தான்: 'வாய மூடு. வாயத் தொறந்தா அம்மா வரமாட்டாங்க.' சொன்னவர் அன்றைக்கே மறந்துவிட்டார். பிஸ்கட் ஒரு நிமிஷத்தில் கரைந்துவிட்டது. அதோடு போன சொல்லை மட்டும் பிள்ளை மூன்று மாதமாகக் காப்பாற்றி வந்திருக்கிறாள். தினமும் மூடியிருந்தாள், தினமும் அம்மா வந்தாள். அம்மாவைப் பணயம் வைத்து எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

"அம்மா வருவதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்பதற்கு என்னிடம் கட்டம் இல்லை" என்றது அட்டவணை, மெல்ல. பதிவேடு நாற்பத்தெட்டாம் பக்கத்தை மூடிக்கொண்டது. டப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

அப்போதுதான் முகிலாவுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய் வாசலில் நின்றாள். சாப்பிட வரவில்லை. தூங்க வரவில்லை.

நான்கு மணிக்கு மற்ற அம்மாக்கள் வந்தார்கள். நிகிதாவும் போய்விட்டாள். செண்பகவல்லி வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் அன்றைக்கு லோடு ஏற்றும் நாள்.

"இன்றைக்கென்று பார்த்தா தாமதமாக வேண்டும்?" என்று டப்பா தவித்தது. "எனக்குக் கால் இருந்தால் ஓடிப்போய்க் கூட்டி வந்துவிடுவேனே! இனி இந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் வாய் திறக்குமா?"

டீச்சர் வாசற்படியில் முகிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "அம்மா வருவாங்கடா. பேசினாலும் வருவாங்க. டீச்சர் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்." முகிலா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை அவரை நம்பியதே போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

நாலே முக்காலுக்குத் தெருமுனையில் செண்பகவல்லி தெரிந்தாள். தீக்குச்சி மருந்து ஒட்டிய கையோடு, மூச்சு வாங்க, ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

முகிலா ஓடவில்லை. அம்மா கிட்டே வந்து குனியும்வரை நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு கையை மட்டும் நீட்டி அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்தியிருந்த மறு கையையும் எடுத்தாள்.

"நான் பேசிட்டேம்மா" என்றாள். "அப்பவும் நீ வந்துட்ட."