கரடி காத்த குகை

மலைக்காட்டில் ஒரு குகை இருந்தது. உள்ளே நின்று பேசினால் காடு முழுக்கக் கேட்கும். கேட்பவர்களுக்குப் பேசுவது யாரென்று தெரியாது. அதற்குக் காவல் ஒரு கரடி. பேச வருகிறவர்கள் ஆளுக்கொரு அத்திப்பழம் கொடுக்க வேண்டும். கூச்சல் பெருத்தால் கூட்டம் பெருகும். கூடவே கரடியின் தொப்பையும் பெருகும்!

ஒரு நாள் குகைக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது. "காட்டுக்கோழியின் முட்டைகளைத் தின்றது மரநாய்தான்! அதன் பொந்தை உடையுங்கள்! குட்டிகளை மிதியுங்கள்!"

மரநாய் பதறியடித்துக் கரடியிடம் ஓடியது. "ஐயா, அபாண்டம்! நான் முட்டையைத் தொடவே இல்லை. அந்தக் குரலை நிறுத்துங்கள்!"

"பேசுவது அவரவர் உரிமை, தாயே! வேண்டுமானால் நீயும் உள்ளே போய்க் கத்து," என்றது கரடி, பழத்தை மென்றபடி.

மரநாய் திரும்புவதற்குள் காட்டுப்பன்றிகள் பொந்தைக் கிளறிப் போட்டிருந்தன. இரண்டு குட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியது.

மறுநாள் உடும்பின் வாயில் முட்டை ஓடு ஒட்டியிருந்தது. குகைக்குள் கத்தியதும் அதுதான் என்று கரடியே ஒப்புக்கொண்டது. பன்றிகள் தலையைத் தொங்கப்போட்டன. தொங்கப்போட்டால் செத்த குட்டி வந்துவிடுமா?

கரடிக்குப் பயம் பிடித்தது. பாறை ஒன்றை உருட்டிக் குகையை அடைத்தது. "இனி யாருமே பேசக் கூடாது. தொல்லை விட்டது!"

மூன்றாம் நாள் மரத்து உச்சியிலிருந்து மரநாய் பார்த்தது. மேற்கே காட்டுத்தீ! தொலைவில், பள்ளத்தில், பன்றிகள் ஒன்றும் தெரியாமல் மேய்ந்துகொண்டிருந்தன. சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தது. பிறகு அவற்றின் குட்டிகள் கண்ணில் பட்டன. கரடியிடம் ஓடியது.

"பாறையை நகர்த்து! தீ வருகிறது!"

"யாரும் பேசக் கூடாது என்றால் கூடாதுதான்!"

மரநாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெட்கமாக இல்லை உனக்கு? கொல்லச் சொன்னவனுக்குத் திறந்துவிட்டாய். காப்பாற்ற வந்தவளுக்கு அடைக்கிறாய். எது பொய், எது ஆபத்து என்று விசாரிக்க உனக்குச் சோம்பல்! அந்தச் சோம்பல்தான் என் குட்டியைத் தின்றது!"

புகை மூக்கில் ஏறிய பிறகுதான் கரடி பாறையை நகர்த்தியது.

"மரநாய் பேசுகிறேன்! மேற்கே தீ! எல்லோரும் ஆற்றுக்கு ஓடுங்கள்!"

காடே ஆற்றில் இறங்கித் தப்பியது. கரையில் கரடி ஓர் அத்திப்பழத்தை நீட்டியது. மரநாய் அதைத் தொடவில்லை.

"இனி யார் வேண்டுமானாலும் பேசட்டும், பெயரைச் சொல்லிவிட்டு! அடி, கொல் என்பவனை அந்தக் கணமே வெளியே இழு. அந்த வேலை முடியாதென்றால் குகை வாசலில் உட்காராதே!" என்று சொல்லிவிட்டு, மிஞ்சிய குட்டியைக் கவ்விக்கொண்டு நடந்தது.

பலர் பேசும் இடத்தைக் காப்பவர் எல்லோரையும் பேசவிட வேண்டும். கொல்லத் தூண்டும் குரலை உடனே நிறுத்தவும் வேண்டும்.